மூன்று பாக்ஸை ஒரே சேனலில் மாட்டினால் ஆம்ப் கொதிக்காமல் என்ன செய்யும்?

கேள்வி: வணக்கம் அண்ணே. எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில், கடலை ஒட்டி இருக்கிறது. இளைஞர் மன்றத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் பழைய மைக்செட் ஒன்று வாங்கினோம். 15 இன்ச் டாப் பாக்ஸ் நான்கு (8 ஓம், 350 வாட்), 18 இன்ச் பேஸ் பாக்ஸ் இரண்டு (8 ஓம், 500 வாட்), இரண்டு சேனல் பவர் ஆம்ப் ஒன்று, ஒரு மிக்ஸர். ஆம்பில் சேனலுக்கு 8 ஓமில் 350 வாட், 4 ஓமில் 500 வாட், பிரிட்ஜில் (இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்தால்) 8 ஓமுக்கு 1000 வாட் என்று போட்டிருக்கிறது. முளைக்கொட்டுத் திருவிழாவில் மேடைக்கு இந்தப் பக்கம் இரண்டு டாப், ஒரு பேஸ், அந்தப் பக்கமும் அதே மாதிரி வைத்தோம். ஒன்பது மணிக்கெல்லாம் ஆம்ப் கொதித்து, கட் ஆகிக் கட் ஆகி வந்தது. ஒரு டாப்பில் ஹாரன் (மேல்ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர்) போய்விட்டது. பேஸ் பெயருக்குத்தான் இருந்தது. 60 மீட்டர் தள்ளிக் கடைசியில் உட்கார்ந்தவர்களுக்குப் பாட்டு கேட்டது, பேச்சு புரியவில்லை. செட்டை விற்றவர் ‘பிரிட்ஜ் போடு, 1000 வாட் வரும்’ என்கிறார். போடலாமா, இல்லை 2000 வாட் ஆம்ப் வாங்கிவிடலாமா? பழைய 250 வாட் மிக்ஸிங் ஆம்ப் ஒன்றும், தெருவில் கட்டுகிற 30 வாட் சின்ன பாக்ஸ் ஆறும் கூடவே வந்தன. அவற்றை எப்படிப் போடுவது, இல்லை விற்றுவிடலாமா?

பதில்: தம்பிக்கு வணக்கம். பிரிட்ஜ் போடாதீர்கள். 2000 வாட் ஆம்பும் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கோளாறு வாட்டில் இல்லை, ஓமில் இருக்கிறது. ஓம் என்பது பாக்ஸ் கரண்டுக்குக் காட்டும் தடை. அது குறையக் குறைய ஆம்ப் அதிகக் கரண்ட் தர வேண்டும்.

ஒரு பக்கத்துக்கு இரண்டு டாப், ஒரு பேஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பாக்ஸின் முதுகில் இருந்து அடுத்த பாக்ஸுக்கு வயர் எடுத்திருப்பீர்கள். பார்வைக்கு ஒன்றன்பின் ஒன்றாக வயர் போவதால் இதைச் சீரீஸ் என்று நினைப்பவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அது பேரலல்தான், அதாவது எல்லா பாக்ஸையும் ஆம்பிலேயே நேராக மாட்டியதற்குச் சமம். பாக்ஸின் பின்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கான் சாக்கெட்டும் உள்ளே ஒரே இடத்தில்தான் சேர்கின்றன. 8 ஓம் பாக்ஸ் இரண்டு சேர்ந்தால் சேனலுக்கு 4 ஓம் லோடு. மூன்று சேர்ந்தால் 2.67 ஓம். உங்கள் ஆம்ப் 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது. 2.67 ஓமில் அதே வால்யூமுக்கு ஒன்றரை மடங்கு கரண்ட் இழுக்கும். அதனால்தான் கொதித்தது, கொதித்ததால் தன்னைத்தானே கட் செய்துகொண்டது. பாவம், அது ஒழுங்காகத்தான் வேலை பார்த்திருக்கிறது.

ஹாரன் போனதும் இதோடு சேர்ந்த கதைதான். ஆம்ப் திணறும்போது சத்தம் குறைகிற மாதிரி இருக்கும், யாராவது மிக்ஸரில் ஏற்றுவார்கள், சிவப்பு கிளிப் லைட் விடாமல் எரியும். கிளிப் என்றால் ஆம்பால் தர முடியாத உச்சி வெட்டுப்படுவது. அப்படி வெட்டுப்பட்ட சிக்னலில், பாட்டில் இல்லாத மேல்ஸ்தாயி எல்லாம் புதிதாகப் பிறக்கும். பாக்ஸுக்குள் இருக்கிற கிராஸ்ஓவர் அதைப் பிரித்து நேரே ஹாரன் டிரைவருக்கு அனுப்பும். 15 இன்ச் கோன் தாங்குகிற வாட்டில் சின்னப் பங்கைத்தான் ஹாரன் தாங்கும். அந்த டயாஃப்ரம் தனியாகக் கிடைக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும்.

பிரிட்ஜில் இரண்டு சேனலும் ஒரே லோடை இரு முனையிலும் பிடித்து இழுக்கின்றன. எனவே ஒவ்வொரு சேனலுக்கும் பாதி ஓம்தான். 8 ஓம் பாக்ஸ் ஒன்றை மாட்டினாலே சேனலுக்கு 4 ஓம் ஆகிவிடும். ஆம்ப் செய்தவர் பிரிட்ஜில் 8 ஓமோடு நிறுத்தியது அதற்காகத்தான். உங்கள் ஆறு பாக்ஸையும் சேர்த்தால் 1.33 ஓம், பிரிட்ஜில் சேனலுக்கு அதிலும் பாதி. கேட் திறப்பதற்கு முன்பே புகை வரும். சரி, ஒரே ஒரு பாக்ஸை மாட்டலாமே என்றால், 350 வாட் டாப்புக்கு 1000 வாட்டைக் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொள்வீர்கள்.

வாட்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 500 வாட்டை 1000 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல். கூர்ந்து கேட்டால் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். ஆனால் பாக்ஸின் சென்சிட்டிவிட்டி 97 டெசிபலுக்குப் பதில் 100 ஆக இருந்தால், அந்த 3 டெசிபல் ஆம்பில் கை வைக்காமலே வந்துவிடும். இனிமேல் பாக்ஸ் வாங்கும்போது 1 வாட்டுக்கு 1 மீட்டரில் எத்தனை டெசிபல் என்று முதலில் கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் வேறு கடை பாருங்கள். வாட்டிலும் ஆர்எம்எஸ் (விடாமல் தாங்குவது) வேறு, புரோகிராம் (ஏறி இறங்கும் பாட்டுக்குத் தாங்குவது) வேறு, பீக் (ஒரு கண உச்சம்) வேறு. வழக்கமாக புரோகிராம் என்பது ஆர்எம்எஸ்ஸின் இரண்டு மடங்கு, பீக் நான்கு மடங்கு. பெரிய எழுத்தில் 1400 வாட் என்று ஒட்டியிருக்கும் பாக்ஸ், உள்ளபடி 350 வாட் பாக்ஸாக இருக்கலாம்.

முதலில் மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு பாக்ஸையும் தனித்தனியாக ஓமில் வைத்துப் பாருங்கள். 8 ஓம் பாக்ஸ் சுமார் 6 ஓம் காட்டும், அது சரிதான். 3 ஓம் பக்கம் காட்டினால் யாரோ காயில் மாற்றும்போது 4 ஓம் காயில் போட்டிருக்கிறார்கள். பழைய செட்டில் இது சகஜம். இந்தச் சோதனையில் ஹாரன் நல்லதா கெட்டதா என்று தெரியாது. அதற்கு முன்னால் கெப்பாசிட்டர் இருப்பதால் மீட்டர் அதைத் தாண்டிப் பார்க்காது. ஹாரனைத் தனியாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் பேஸ். இரண்டு 18 இன்ச் இருந்தும் பெயருக்குத்தான் இருந்தது என்றால் எனக்கு ஒரு சந்தேகம்: ஒரு பாக்ஸில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கோன் முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். 9 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுங்கள். ஸ்பீக்கான் வயரின் மறுமுனையில் 1 பிளஸ்ஸில் பேட்டரி பிளஸ்ஸையும், 1 மைனஸில் மைனஸையும் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். பாக்ஸின் முன்னால் ஒருவர் கோனில் லேசாக விரலை வைத்திருக்கட்டும். வெளியே தள்ளினால் சரி. உள்ளே போனால், பாக்ஸிலோ வயரிலோ மாறியிருக்கிறது. வயரோடு சேர்த்தே சோதியுங்கள், ஏனென்றால் பாதி நேரம் தப்பு வயரில்தான் இருக்கும். டாப்பையும் இதே மாதிரி பார்த்துவிடுங்கள்.

பேஸை இடமும் வலமும் பிரித்து வைத்ததும் ஒரு காரணம். பிரித்து வைத்தால் நடுவில் ஒரு கோடு மட்டும் இடிக்கும், இரண்டடி தள்ளினால் காணாமல் போகும். இரண்டையும் மேடைக்கு முன்னால் நடுவில், தரையில், ஒட்டி ஒட்டி வையுங்கள். மணலில் அப்படியே வைக்காமல் பலகை போடுங்கள். ஒன்றாக வைத்த இரண்டு பேஸ் பாக்ஸ், ஒரு பாக்ஸைவிட 6 டெசிபல் வரைக்கும் கூடத் தரும்.

இப்போது என்ன வாங்குவது என்று பார்ப்போம். இரண்டே சாமான். ஒன்று, இரண்டு இன்புட்டும் குறைந்தது நான்கு அவுட்புட்டும் உள்ள ஸ்பீக்கர் ப்ராசஸர். கிராஸ்ஓவர், டிலே (சத்தத்தைத் தாமதப்படுத்துவது), லிமிட்டர் (சிக்னல் அளவு மீறாமல் தடுப்பது) மூன்றும் அதற்குள்ளேயே இருக்கும். இரண்டாவது, பேஸுக்கு மட்டும் தனியாக ஓர் ஆம்ப். உங்கள் பேஸ் பாக்ஸில் எழுதியிருக்கும் 500 வாட் ஆர்எம்எஸ் என்றால், 8 ஓமில் சேனலுக்கு 750 வாட் தருகிற ஆம்ப் பாருங்கள். சேனலுக்கு ஒரு பாக்ஸ். ஆர்எம்எஸ்ஸைப் போல ஒன்றரை மடங்கு ஏன் என்றால், ஆம்ப் கிளிப் ஆகாமல் தாளத்தின் உச்சத்தைத் தாண்ட அந்த இடைவெளி வேண்டும். அதற்காக எப்போதும் முழுதாக முறுக்கலாம் என்று அர்த்தமில்லை. ஆம்பின் முகப்பில் இருக்கும் திருகு வாட்டைக் குறைக்கும் திருகு அல்ல. பாதியில் வைத்தாலும் மிக்ஸரில் இருந்து ஓங்கி அனுப்பினால் முழு வாட்டும் போகும். பாக்ஸைக் காப்பது ப்ராசஸரில் வைக்கிற லிமிட்டர்தான்.

இரண்டுக்கும் பணம் சேரும்வரை பேஸ் பாக்ஸை வீட்டில் விட்டுவிட்டு, சேனலுக்கு இரண்டு டாப் என்று ஓட்டுங்கள். கும்மிப் பாட்டுக்கும் பட்டிமன்றத்துக்கும் அதுவே போதும்.

ப்ராசஸர் வந்ததும், இப்போது இருக்கிற இரண்டு சேனல் ஆம்பில் நான்கு டாப்பையும் நான் மாட்டச் சொல்வது இப்படி. ஏ சேனலில் மேடையின் இரு பக்கத்து டாப் இரண்டு. பி சேனலில் மற்ற இரண்டு டாப், மேடையில் இருந்து 30 மீட்டர் தள்ளிக் கூட்டத்தின் இரு ஓரத்திலும். இரண்டு சேனலுமே 4 ஓம், பாக்ஸுக்கு 250 வாட். ஸ்டீரியோ போகிறதே என்று கவலைப்படாதீர்கள். ஓரத்தில் உட்கார்ந்தவருக்குத் திடலில் ஸ்டீரியோவால் ஒரு பயனும் இல்லை, பாதிப் பாட்டுதான் கேட்கும். மோனோ போதும். ஆனால் ஆம்பின் பின்னால் இருக்கும் சுவிட்ச் மட்டும் ஸ்டீரியோ என்ற இடத்திலேயே இருக்கட்டும், அப்போதுதான் இரு சேனலும் தனித்தனியாக ஓடும். விற்றவர் அதை பிரிட்ஜில் தள்ளி வைத்திருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் 30 மீட்டரில்? திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். சென்சிட்டிவிட்டி 97 என்று வைத்துக்கொண்டால், 250 வாட்டில் 1 மீட்டரில் 121 டெசிபல். 32 மீட்டரில் அது 91. 64 மீட்டரில் 85. இது உச்சக் கணக்கு. சராசரிப் பேச்சு இதைவிட 10 டெசிபலாவது கீழே இருக்கும். குழந்தைகள் அழுகை, கடலை வியாபாரி, காற்று எல்லாம் சேர்ந்தால் கடைசி வரிசைக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்தத் தூரத்தை எட்ட மேடை பாக்ஸை முறுக்கினால் முன்வரிசைக் கிழவிகள் எழுந்து போய்விடுவார்கள். நடுவில் இரண்டு பாக்ஸ் வைத்தால் இரண்டு பக்கமும் பிரச்சினை தீரும்.

அந்த நடு பாக்ஸுக்கு டிலே அவசியம். நம் ஊர் வெக்கையில் சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். 30 மீட்டரைக் கடக்க 86 மில்லிசெகண்ட். வயரில் போகும் சிக்னலோ அந்தக் கணமே போய்விடும். டிலே இல்லாவிட்டால் கடைசியில் இருப்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும், பேச்சு குழம்பும். ப்ராசஸரில் 86 வைத்து, அதன்மேல் ஒரு 10 கூட்டி 96 ஆக்குங்கள். மேடைச் சத்தம் ஒரு நூல் முந்தி வந்தால், காது மேடையில் இருந்தே வருவதாக எடுத்துக்கொள்ளும். கூட்டம் வருவதற்கு முன் மைக் அருகில் இரண்டு கட்டையைத் தட்டச் சொல்லி, நடு பாக்ஸைத் தாண்டிக் கடைசி வரிசைப் பக்கம் நின்று கேளுங்கள். ‘டக்’ என்று ஒன்றாகக் கேட்க வேண்டும்.

கிராஸ்ஓவரை 100 ஹெர்ட்ஸில் வையுங்கள்: டாப்புக்கு அதற்கு மேலே, பேஸுக்கு அதற்குக் கீழே. பேஸுக்கு 40 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் வெட்டிவிடுங்கள். அங்கே பாட்டு பெரிதாக ஒன்றும் இல்லை, கோன்தான் வீணாக ஆடிக் கிழியும். மிக்ஸரில் ஆக்ஸ் அவுட் (வேண்டிய மைக், கருவியை மட்டும் தனியாக அனுப்பும் அவுட்புட்) ஒன்று சும்மா இருந்தால் பேஸுக்கு அதிலிருந்து ப்ராசஸரின் இரண்டாவது இன்புட்டுக்குக் கொடுங்கள். தவில், கீபோர்டு மட்டும் பேஸுக்குப் போகும். பேச்சு மைக் போகாது, காற்று மைக்கில் அடிக்கிற ‘புஸ் புஸ்’ஸும் போகாது. மைக்குக்கு ஸ்பாஞ்சு தொப்பியும், கீழ்ஸ்தாயியை வெட்டும் லோ கட்டும் நம் கடற்கரையில் கட்டாயம்.

வயரில் காசு மிச்சம் பிடித்துத்தான் பலர் ஆம்பைக் குறை சொல்கிறார்கள். நடு பாக்ஸுக்கு வயர் 40 மீட்டர் ஓடும் என்று வையுங்கள். போக வர 80 மீட்டர் செம்பு. 1 சதுர மில்லிமீட்டர் வயரில் அது மட்டும் சுமார் ஒன்றரை ஓம். 4 ஓம் லோடில் வாட்டில் கால் பங்குக்கு மேல் வயரைச் சூடாக்கவே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டரில் 0.6 ஓம். அதையே ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஆம்பில் இருந்து தனி வயராக இழுத்தால் இழப்பு ஏழு சதவீதத்தோடு நிற்கும். 2.5க்குக் கீழே போகாதீர்கள். செம்புப் பூச்சு பூசிய அலுமினிய வயரைச் செம்பு என்று தருவார்கள், நுனியைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். சத்தம் காற்றோடு போனால் தரைப் பக்கம் வளையும், எதிர்த்துப் போனால் மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். உங்கள் பக்கம் கிழக்கே கடல். கச்சான் (மேல்காற்று) வீசுகிற ஆடி மாதத்தில் மேடை மேற்கே இருந்து கடலைப் பார்த்தால் நல்லது. ஊருக்குள் சத்தமும் குறையும். வாடை அடிக்கும் மார்கழி, தையில் மேடை வடக்குப் பக்கம் இருந்தால் தோது. சாமி பார்க்கும் திசையை நாம் மாற்ற முடியாதுதான். அப்போது நடு பாக்ஸை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்து, டிலேயை அந்தத் தூரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டாண்டின் காலுக்கடியில் பலகை, மேலே கயிறு, பக்கத்தில் மணல் மூட்டை. இது இல்லாமல் ஒரு டாப்பையும் தலைக்கு மேல் தூக்காதீர்கள்.

கரண்ட் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். கம்பத்தில் கொக்கி போடாமல் மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள், சீரியல் லைட்டுக்கு வேறு லைன், செட்டுக்கு வேறு லைன். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு லைனில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி, ஆம்ப், மிக்ஸர் எல்லாம் ஒரே நேரத்தில் போகும். பிளக் சொருகும் முன் மீட்டர் வைத்து 230 பக்கம் இருக்கிறதா பாருங்கள். ஜெனரேட்டர் என்றால் செட்டுக்கு மட்டும் 5 கேவிஏ தாராளம். ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வருகிறதே என்று எர்த்துப் பின்னை உடைப்பவரை மேடைப் பக்கமே விடாதீர்கள். ஈர மணலில் வெறுங்காலோடு நின்று மைக்கைப் பிடிக்கிறவர் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது. இரைச்சலுக்கு டிஐ பாக்ஸ் (கருவிக்கும் மிக்ஸருக்கும் நடுவில் மாட்டும் சின்னப் பெட்டி) போடுங்கள். காய்ந்த மணலில் எர்த்துக் கம்பி அடித்தால் பெயருக்குத்தான். ஈரம் தட்டும் ஆழம் வரை இறக்கி, தண்ணீர் ஊற்றி, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை விட்டு அளக்கச் சொல்லுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி ஒன்று முன்னால் இருக்கட்டும்.

உப்புக்காற்றுக்கு ஒரே வழி துடைப்பதுதான். விழா முடிந்ததும் வயரையும் கனெக்டரையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்துச் சுருட்டுங்கள். ஆம்பை மணலில் வைத்தால் ஃபேன் மணலை உறிஞ்சும், மேசை மேல் வையுங்கள்.

தெருவுக்கு வருவோம். அந்த 250 வாட் மிக்ஸிங் ஆம்பின் பின்னால் 4, 8, 16 ஓமோடு 70 வோல்ட், 100 வோல்ட் என்றும் போட்டிருக்கும். சின்ன பாக்ஸின் பின்னால் டிரான்ஸ்ஃபார்மரோடு 100 வோல்ட், 30 வாட் என்று இருந்தால் எல்லாவற்றையும் 100 வோல்ட்டில் பேரலலாக மாட்டுங்கள். இங்கே ஓம் கணக்கு தேவையில்லை, வாட்டைக் கூட்டினால் போதும். ஆறு முப்பது 180. ஆம்ப் 250. ஐந்தில் ஒரு பங்கு ஒதுக்கினாலும் 200 இருக்கிறது, சரியாக இருக்கும். முழு லோடிலும் 2 ஆம்பியருக்குள்தான் ஓடும் என்பதால் நீளத் தெருவுக்குச் சாதாரண வயரே போதும். ஆனால் அது 100 வோல்ட், தொட்டால் அடிக்கும். மூட்டுகளை நன்றாகச் சுற்றுங்கள். உங்கள் 8 ஓம் டாப்பை மறந்தும் இந்த 100 வோல்ட்டில் மாட்டாதீர்கள். கணக்குப்படி 1250 வாட் இழுக்கப் பார்க்கும். ஆம்பா பாக்ஸா, எது முதலில் போகும் என்பதுதான் கேள்வி.

கூம்புக் குழாய் யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் கட்டாதீர்கள், காவல் நிலையத்தில் பாக்ஸ் வகைக்குத்தான் அனுமதி எழுதுவார்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக்காக நள்ளிரவு வரை தளர்த்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு, அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. நோட்டீஸில் ‘விடிய விடிய’ என்று அடிக்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி, ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டருக்குத் தெரு பாக்ஸ் வேண்டாம்.

கடைசியாக, போடும்போது மிக்ஸர், ப்ராசஸர், அப்புறம் ஆம்ப். அணைக்கும்போது முதலில் ஆம்ப். மாற்றிச் செய்தால் ‘டம்’ என்று ஒரு சத்தம் வரும், புதிதாகப் போட்ட டயாஃப்ரம் அதில் போகும். பழைய 250 வாட் ஆம்பை விற்காதீர்கள். அதற்கு இன்று கிடைக்கிற விலையில் நல்ல மைக் ஒன்றுகூட வராது. தெருவுக்கு அதைவிட நல்ல சாமான் உங்களிடம் வேறு இல்லை.